ஐந்து டப்பாக்கள்

தையல்காரிக்கு ஊசியின் காது தெரியாமல் போய் ஆறு மாதமாயிற்று. "ஒரு வருஷம் தாங்கும்மா, அவ்வளவுதான்" என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் நாலரை வயது மகள் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். தாயின் ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

கணவன் லாரியோடு போனால் திரும்ப மூன்று வாரம். தனியாகப் பாடம் நடத்த அவளுக்கு நேரம் ஏது? சமையல்தான் பள்ளிக்கூடம். அலமாரியிலிருந்த ஐந்து டப்பாக்களில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள்.

"வாயாடி, உப்பு எதுடி?"

மகள் விரல் வைத்து, "உ... ப்... பு" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை. தாய்க்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். சும்மா இருக்கமாட்டாமல் அலமாரியைத் துடைத்து டப்பாக்களை மாற்றி அடுக்கினாள். மாலையில் டீ போடும்போது மகள் வழக்கம்போல், "ச... ர்... க்... க... ரை" என்று விரல் வைத்துப் படித்தே எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வாய் டீ குடித்த நாத்தனார் வாசலுக்கு ஓடித் துப்பினாள். "என்ன அண்ணி, நான் ரெண்டு நாள் தங்கிடுவேன்னு பயமா? இப்படி உப்பைக் கொட்டியிருக்கீங்க!"

தையல்காரி சிரிக்கவில்லை. மகள் இத்தனை நாளும் படித்தது எழுத்தையல்ல, இடத்தை. தன் கைத்தடவலுக்கு வசதியாக டப்பாக்களை இடம் மாற்றாமல் வைத்தவள் அவளேதான்.

"என் குருட்டுத்தனத்தையே உனக்கும் குடுத்துட்டேனேடி!" என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க அண்ணி. பழையபடியே அடுக்கிடறேன்."

"வேணாம். இனிமே தினமும் கலைச்சிதான் வைப்பேன்."

"அப்புறம் நீங்க எப்படிச் சமைப்பீங்க?"

"இவ படிச்சுச் சொல்லட்டும்."

மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் டப்பாக்களைக் கலைத்தாள். இருட்டில் அவள் கைக்குத் தெரிந்திருந்த ஒரே இடமும் அப்படிப் பறிபோனது. மகள் திணறினாள், குத்துமதிப்பாகச் சொன்னாள், அடம்பிடித்து அழுதாள். தாய் ஒவ்வொரு டப்பாவிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இல்ல கண்ணு, இன்னொரு தடவை பாரு" என்பாள். மிளகுத்தூள் நாக்கைச் சுட்ட நாட்களும் உண்டு.

அடுத்த முறை நாத்தனார் வந்தபோது, அவள் அண்ணிக்கு ஜன்னல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

மகள் நிதானமாகப் படித்து ஒரு டப்பாவைக் கையில் வைத்தாள். தாய் அதில் விரலை விடாமல் நேராகச் சர்க்கரையை அள்ளி டீயில் போட்டாள்.

"ருசி பாக்கலையாம்மா?"

"நீதான் படிச்சிட்டியே."

நாத்தனார் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தாள். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைக் காலி செய்தாள்.