பச்சை வலையின் நிழல்

மாதவராஜ் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததே இல்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போடுகிற எங்களுக்கெல்லாம் நாற்று அவரிடம்தான். நாற்றுத் தட்டு வாங்கப் போனால் பேச்சு இலவசம். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கு, கன்னடக்காரர் வந்தால் கன்னடம். "கொஞ்சம் வாயை மூடுங்க, நாத்தே பயந்துக்குது" என்று அவர் மனைவி அமுதவல்லி அதட்டுவாள். அந்த வாய்க்குள்தான், புகையிலையை ஒதுக்கி ஒதுக்கி, நாக்கின் ஓரத்தில் புற்று வந்தது. எத்தனை முறை சொல்லியிருப்போம், கேட்டாரா மனுஷன்?

போன இடமெல்லாம் நாக்கை வெட்ட வேண்டும் என்றார்கள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மட்டும் புதிதாக ஒரு வைத்தியத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் மருந்தை ஏற்றி ரத்தத்தில் விடுவார்களாம். அது கட்டியில் போய்ச் சேர்ந்து சும்மா கிடக்கும். வாய்க்குள் குழாய் விட்டுச் சிவப்பு ஒளியைக் காட்டினால் விழித்துக்கொண்டு கட்டியைக் கொல்லும்.

"நம்ம குழித்தட்டுல விதை இருக்கற மாதிரிதான் மாப்ள. அதுக்குத் தண்ணி, இதுக்கு வெளிச்சம், பட்டாத்தான் வேலை செய்யும். நாக்கு தங்கிடும்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் உயிர் வந்தது.

மருந்து ஏற்றிய பிறகு, ஒளி காட்டும் வரை இரண்டு நாள் உடம்பில் வெளிச்சம் படக் கூடாது. துகள் கொஞ்சம் தோலிலும் தங்கியிருக்கும், வெயில் பட்டால் அங்கேயும் வேலையைக் காட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். அங்கேயே தங்கவும் சொன்னார். நாற்றுக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்று இரண்டு பேரும் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, சித்திரை மாதம். அமுதவல்லி ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுக் கதவை அடைத்துப் படுக்க வைத்தாள். மறுநாள் காலையில் கரண்ட் போனது, மத்தியானம் ஆகியும் வரவில்லை. அந்த அறைக்குள் மனுஷன் மூச்சு முட்டிப் புழுவாய்த் துடித்தார்.

"வெந்து சாகறேன் வல்லி. வலைக்குள்ளாற கூட்டிட்டுப் போ" என்று கெஞ்சினார்.

நாற்றுக் கொட்டகையின் பச்சை வலையைச் சொன்னார். தொட்டாலே துவண்டுவிடுகிற நாற்று, அந்த வலைக்கடியில் எந்தக் கோடையிலும் வாடியதில்லை. அமுதவல்லி கண்ணால் பார்த்த நிழல் அது. இருந்தும் பயந்து, இன்னொரு வலையையும் மேலே இழுத்துக் கட்டி, தலையோடு போர்வை மூடிக் கூட்டிப்போய் ஈரத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தாள். நாற்றுக்கு வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விடத்தான் அந்த வலையைக் கண் வைத்து நெய்கிறார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. இந்தப் பக்கத்தில் எவனுக்குத் தோன்றியிருக்கும்?

குளிர்ச்சியில் அசந்து தூங்கிவிட்டார். எழுந்தபோது முகம் எரிகிறது என்றார். பொழுது சாய்வதற்குள் முகமும் உதடும் வீங்கிக் கொப்புளம் கிளம்பிவிட்டது. என் வேனில்தான் அவரைப் பெங்களூருக்குக் கொண்டுபோனோம். "நானே அவரக் கொன்னுட்டேனுங்கண்ணா" என்று அமுதவல்லி வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒளி காட்ட வேண்டிய நாளில் வாய் திறக்கவில்லை, குழாய் உள்ளே போகவில்லை. வீக்கம் வற்றுவதற்குள் மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது. மறுபடியும் ஏற்ற ஆராய்ச்சி விதியில் இடமில்லை, கட்டி அடிநாக்கைத் தொடுவதற்குள் வெட்டியாக வேண்டும் என்றார் டாக்டர். அமுதவல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "தப்புப் பண்ணது நானுங்க சார். அவருக்கு எதுக்குங்க தண்டனை?" டாக்டருக்கும் கண் கலங்கியது. கலங்கி என்ன ஆகப் போகிறது?

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். அதற்குள் டீக்கடைப் பெஞ்சு தீர்ப்பே எழுதிவிட்டது. "கட்டுன பொண்டாட்டியே கொண்டு போய் வெளிச்சத்துல போட்டுட்டாளாம்." கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்ததும் மாதவராஜ் என் வேனில் ஏறி உட்கார்ந்தார். டீக்கடை, உரக்கடை, தக்காளி மண்டி என்று ஒவ்வோர் இடமாக நிறுத்தச் சொன்னார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. "அவ அசந்து தூங்கிட்டு இருந்தாங்க. நாந்தான் சொல்லாம எந்திரிச்சுப் போய் வலைக்கடியில படுத்தேன்." தெலுங்குக்காரரிடம் தெலுங்கில் சொன்னார், கன்னடக்காரரிடம் கன்னடத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் வலியில் கோணியது.

"போதும் மாப்ள, எதுக்கு இந்த வேதனை?" என்றேன்.

"நாளைக்கு மேல நாக்கு இருக்காது மாப்ள. அப்பறம் எவனாச்சும் அவளப் பேசுனா, நான் எப்படிப் பதில் சொல்றது?"

என்னால் வண்டியை ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுத்தான் எடுத்தேன்.

வாசலில் இறக்கிவிட்டபோது அவர் கடைவாயில் ரத்தம் கசிந்திருந்தது. அமுதவல்லி முந்தானையால் துடைத்துவிட்டாள். "ஊரு பூரா பேசிட்டு வந்துட்டீங்க. எங்கிட்டயும் ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை.