நான் தூர்த்த பதினொரு குழிகள்

போன வாரம் சேலம் கடைவீதியில் ஒரு மாதுளை வாங்கிக் கடித்தேன். சரியான புளிப்பு. பல் கூசியதும் எருமப்பட்டிப் பக்கத்து மிட்டாதாரர் பங்களாத் தோட்டம் கண்முன் வந்துவிட்டது. அதைத் திரும்ப உண்டாக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியதும் அங்கே ஒரு பழத்தைக் கடித்து இப்படிப் பல் கூசிய ஒரு மத்தியானத்தில்தான்.

பத்து வருஷம் இருக்கும். எருமப்பட்டிப் பள்ளியில் புதிதாக வாத்தியார் வேலை. ஞாயிறு பூசை முடிந்தால் சைக்கிளில் ஊர்சுற்றல். கொதிக்கிற மேட்டாங்காட்டு நடுவே ஓடு சரிந்த பங்களா. மிட்டா என்கிற சின்ன ஜமீன்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அதில் மிஞ்சியிருந்தவர் பாப்பாத்தியம்மாள் மட்டும். அவருடைய மாமனாரின் தகப்பனார் போட்ட தோட்டத்தில் பதினொரு மாதுளைகள் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஆடியில உழுது கல்லக்கா போட்றலாம்னு இருக்கறேன், வாத்தியாரே."

கடலையா? எனக்குப் பொறுக்கவில்லை. "அதுவரைக்கும் என்கிட்ட விடுங்கம்மா" என்றேன். செடி வளர்த்த அனுபவமா? வீட்டில் ஒரு குரோட்டன்ஸ். அதற்கும் அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள்.

மரம் ஒவ்வொன்றும் முழங்காலளவுக் குழிக்குள் நின்றது. மண் சரிந்து கெட்ட இடம் என்று நானே முடிவுகட்டினேன். சேலத்துப் பூங்கா மாதிரி சமமாக இருக்க வேண்டாமா? இரண்டு ஞாயிறு வண்டி வண்டியாக மண் கொட்டி நிரவி, சுற்றிலும் செங்கல் பதித்தேன். சட்டை வீணானதில் பெருமை வேறு.

மாடு பூட்டிக் கவலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மாரப்பன், தன் மகளைப் பார்க்கப் போன ஊரிலிருந்து திரும்பினார். கிணற்றுத் தண்ணீர் மரத்தடியில் நிற்காமல் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. இலைகள் சுருண்டிருந்தன.

"ஏனுங்க வாத்தியாரே, குழியத் தூத்துப்போட்டீங்களா?"

"சரிஞ்ச குழிதானே?"

"வெச்சதே குழியிலதானுங்க. அனல்காத்து மேலோட போயிரும், தண்ணி அடியில நிக்கும். மரத்தக் கழுத்துமுட்டப் பொதச்சுட்டு, சுத்திலும் செங்கல் வேற. சமாதி நல்லாத்தான் இருக்குதுங்க."

பாப்பாத்தியம்மாள் கேட்டுக்கொண்டு நின்றார். உழவுக்கு ஆள் சொல்லிவிடுவார் என்று பயந்து, மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு ஓடினேன். எனக்கு முன்பே அவர் மண்வெட்டியோடு ஒரு குழியில் இறங்கியிருந்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து நானும் சரிஞ்ச குழின்னுதான் நெனச்சிருந்தேன், சாமி. செங்கல்ல அந்தப் பக்கம் போடு."

நான்கு மரங்கள் காய்ந்தன. ஏழு துளிர்த்தன. ஆடியில் ஏர் வரவில்லை.

இப்போது கரண்டு வந்து மோட்டார் ஓடுகிறது. மாரப்பன் மாடுகளை விற்றுவிட்டார். போன தையில் பாப்பாத்தியம்மாள் தவறிப்போனார். பங்களாவின் ஓடுகளை வாரிசுகள் இறக்கிக்கொண்டு போனார்கள், தோட்டத்தில் கடலை. தென்கோடியில் மூன்று மாதுளை மட்டும் மிச்சம். குழிக்குள் ஏர்மாடு இறங்க மாட்டேன் என்றுவிட்டதாம்.

மழை விழுந்ததும் அவற்றில் போத்துக் குச்சிகள் வெட்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடப்போகிறேன். குழி வெட்டினால் பையன்கள் காலை உடைத்துக்கொள்வார்கள் என்கிறார் தலைமையாசிரியர். ஓரமாக வெட்டிக்கொள்கிறேன் என்று திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.