ஜீப்பில் வந்த கேப்டன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துப் பிள்ளைகள் யாரும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெளியே விளையாடியதில்லை. டிவியில் விண்வெளித் தொடர் வரும். அதன் கேப்டன் வெள்ளி உடுப்புப் போட்ட ஒரு பெண். கப்பல் கிளம்பும் முன் ஒவ்வொரு நாளும், "பயம் வெளியே நிக்கட்டும், கதவைச் சாத்து!" என்பார். அந்தக் குரலுக்கு எனக்கு முதுகு தானாக நிமிரும்.

அப்பா குமுளியில் சுற்றுலா ஜீப் ஓட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, நாளைக்கு வடக்கே இருந்து ஒரு டிவி நடிகை ஏலத்தோட்டம் பார்க்க வருகிறார் என்று போனில் படத்தைக் காட்டினார். கேப்டன்! நான் அழுது புரண்டதில் அப்பா இறங்கி வந்தார்.

"மேடத்துக்கிட்ட தொணதொணன்னு பேசக்கூடாது. வாயை மூடிக்கிட்டு முன்னாடி உக்காரணும், ஆமா."

மிட்டாய்த் தாளில் செய்த வெள்ளி நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போனேன்.

விடுதி வாசலில் இருந்து வந்தவர் குட்டையாக இருந்தார். மூக்குக்கண்ணாடி. கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை. நெற்றி முழுக்கத் தைல வாசனை. ஏறும்போதே இந்தியில் ஏதோ முனகினார். மெதுவாக ஓட்டச் சொல்கிறார் என்றார் அப்பா. கிரகம் கிரகமாகப் பாய்ந்தவருக்கு எங்கள் ஜீப் வேகமாம்!

மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தார். ஐந்தாவதில் மறுபடியும். தோட்டத்தில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் காலில் அட்டை ஏறிவிட்டது. அவர் போட்ட கூச்சலில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் எல்லாம் ஓடி வந்தார்கள். அப்பா உப்பைத் தடவி அட்டையை விழவைத்தார். போன வாரம்தான் ஆறு கால் ராட்சதப் பூச்சியை வெறுங்கையால் பிய்த்து எறிந்தவர் இவர். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இத்தனைக்கும் லயத்தில் எல்லாரிடமும் பீற்றிவிட்டு வந்திருந்தேன்.

இனிப் பொறுக்க முடியாது என்று நேரே அவர் முன்னால் போய் நின்று, கேப்டனின் குரலிலேயே கத்தினேன்.

"பயம் வெளியே நிக்கட்டும், கதவைச் சாத்து!"

அவர் திருதிருவென்று விழித்தார். அவருடைய சொந்த வசனமே அவருக்குத் தெரியவில்லை!

"ஏய், சும்மா இருடி," என்று அதட்டிய அப்பா, தனக்குத் தெரிந்த டூரிஸ்ட் இந்தியில் விளக்கினார். தமிழ் டிவியில் உங்கள் தொடர் தினமும் வருகிறது மேடம், அதில் நீங்கள் பேசுவது இது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒன்று விடாமல் பார்க்கிறார்கள்.

"தமிழ்லயா?" என்பதுபோல் ஏதோ கேட்டார். அப்புறம் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை என்றார். நாலாவது தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது. என்னைக் கேலி செய்கிறார் என்று எனக்கு மூக்கு விடைத்தது. அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏலச்செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா, மேடத்துக்கு மறுபடியும் வாந்தி வருது. கவரை எடுங்க," என்றேன்.

லயத்துக்குத் திரும்பி, வந்தது கேப்டன் இல்லை, அவரைப் போல இருக்கும் வேறு யாரோ என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னேன். ஒரு மாதம் அந்தத் தொடரையே பார்க்கவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தத் தொடர் அவர்கள் ஊரில் யாரும் பார்க்காமல், நான் பிறப்பதற்கு முன்பே பாதியில் நின்றுபோனதாம். அதன் பிறகு அவருக்குப் பெரிதாக வேடம் எதுவும் வரவில்லை. தமிழில் பேசியது சென்னையில் யாரோ ஒரு பெண். எங்களுக்கு அது ஓடிக்கொண்டிருந்ததை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

அன்று கிளம்பும் முன் அவர் தன் போனை அப்பாவிடம் கொடுத்து, என்னோடு ஒரு படம் எடுத்துத் தரக் கேட்டார். நடிகைதானே, நாம் அல்லவா கேட்க வேண்டும், இவருக்கு எதற்கு என் படம் என்று எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றேன். அவர் என் தோளை விடவே இல்லை.