அண்ணன் வரும்வரை நீட்டிய மாத்திரை

வெளியே கிளம்பச் செருப்பை மாட்டிய அம்மா, சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "ராட்டினத்துல ஏத்திவிட்ட மாதிரி சுத்துது புள்ள" என்றார். பின்மண்டையில் வலி, அடுத்து வாந்தி. பித்தம் என்று நினைத்து அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எலுமிச்சை பிழிந்தார். அம்மாவின் பேச்சு குழறியபோதுதான் காரைக் கூப்பிட்டோம்.

அது 2003. எங்கள் ஊர் லப்பைக்குடிகாடு. நான் கருவியியல் டிப்ளமோ முடித்து, அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு கருவிக்கும் சரிபார்க்கும் தேதியைத் தவறவிட்டதில்லை. அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எட்டு மாதமாகியிருந்தது.

பெரம்பலூரில் அளந்தபோது 220/130. உடனே திருச்சிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் சிறுமூளையில் (நடையையும் சமநிலையையும் கவனிக்கும் பகுதி) ரத்தம் கசிந்து உறைந்திருந்தது.

நான் நோட்டைத் திறந்து, என்னென்ன வழிகள் என்று கேட்டேன். அறுவை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

"கசிவு சின்னதா இருந்தா பிரஷரைக் குறைச்சிட்டு, திரும்பத் திரும்ப ஸ்கேன் பார்த்துக் காத்திருக்கலாம். மூளைக்குள்ள நீர் தேங்கினா துளை போட்டுக் குழாய் வெச்சு வடிப்போம். இவங்களுக்கு ரத்தக்கட்டி பெருசும்மா. மூளைத்தண்ட (மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் பகுதி) அழுத்துது. குழாய் மட்டும் போதாது. பின்மண்டை எலும்பைத் திறந்து கட்டிய எடுக்கணும்."

"எடுக்கலைன்னா, சார்?"

"மூச்சு நின்னுடும். இப்பவே நினைவு மங்குது. சீக்கிரம் சொல்லுங்க."

அத்தா தயங்கினார். துபாயில் இருக்கும் அண்ணனைக் கேட்காமல் எங்கள் வீட்டில் கதவுக்குப் பெயின்ட்கூட அடித்ததில்லை. பூத்திலிருந்து போன் போட்டேன். சைட்டுக்குப் போயிருக்கிறான், மாலையில்தான் வருவான் என்றார்கள்.

"பெரியவன்ட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா?"

"அண்ணன் வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களா அத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். "அதெப்படி வுடுவேன்?"

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அண்ணன் மாலையில் பேசும்போது அறுவை முடிந்திருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்த செந்துறை விவசாயிக்கும் ரத்த அழுத்தத்தால்தான் கசிவு. ஆனால் மூளையின் ஆழத்தில், சிறிய அளவில். அவருக்குக் கத்தி வைக்கவில்லை. மருந்திலேயே நடக்கத் தொடங்கினார். கசிந்த இடம், அளவு, நோயாளியின் நினைவு, இவற்றைப் பார்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். மற்றவருக்குச் செய்ததை உங்களுக்கும் கேட்காதீர்கள்.

ஆறாம் நாள் அம்மா தெளிவாகப் பேசினார். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார்.

"மகன் துபாய்லேர்ந்து கொண்டாருவான் சார். அவன் லீவு தள்ளிப்போயிடுச்சு. அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். ஃபாரின் மாத்திரை, ரெண்டு நாளைக்குத் தாங்குமில்ல?"

"அதே மருந்து பெரம்பலூர்லயே கிடைக்குதேம்மா."

"அது நம்மூரு மாத்திரையாச்சே சார்!"

மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரை டப்பாவைத் தினமும் பார்த்தவள்தான் நானும்.

வீடு திரும்பியபின் அம்மா கால்களை அகட்டி வைத்தே நடந்தார். டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றினால் தளும்பியது. தொழுகை நாற்காலியில். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் தரையில் நெற்றி வைத்து, யாரையும் பிடிக்காமல் எழுந்தார். எழுந்ததும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் லீவில் வந்தபோது பெரிய மாத்திரை டப்பா கொண்டுவந்தான். "வெச்சுட்டுப் போப்பா. தீந்தா உன் தங்கச்சி டவுன்ல வாங்கியாருவா" என்றார் அம்மா.

முன்பு எங்கள் வீட்டில் காலம் அண்ணனின் ஒரு லீவிலிருந்து அடுத்த லீவுக்கு நகர்ந்தது. இப்போது காலை மாத்திரையிலிருந்து அடுத்த காலை மாத்திரைக்கு. அம்மா சுவரோரமாகவே நடக்கிறார். ஆனால் கை சுவரைத் தொடுவதில்லை, ஒரு விரல் தள்ளியே வருகிறது. பின்னால் நடக்கும் நானும் அதே அளவு தள்ளியே வருகிறேன்.