விளக்கு வைத்தபின் எஞ்சின் எண்ணெய்

எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க முடியாமல் போனது அந்த லாரி ஒன்றுதான். நிலத்தைப் பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், அண்டா குண்டான் அம்மிக்கல் வரைக்கும் பிரித்தார்கள். முற்றத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு மேலே மண் சுவர் எழுப்பி வீட்டையும் இரண்டாக்கினார்கள். லாரியை என்ன செய்வது? முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு என்று அறுக்க முடிந்திருந்தால் அதையும் அறுத்துப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட அண்ணன் தம்பிகள்.

தம்பிதான் என் வீட்டுக்காரர். அண்ணனை நான் நேரில் மாமா என்று கூப்பிடுவேன். இங்கே மூத்தார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய் வந்தவர். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி ஆட்களைச் சொல்தா என்பார்கள். ஊர் திரும்பும்போது மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார், கூடவே எதற்கெடுத்தாலும் கை நீட்டவும் கற்றுக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கை நீட்டமாட்டார், வாயை நீட்டுவார். அண்ணனுக்கு எது சொன்னால் சுரீரென்று ஏறும் என்று தேடிப் பிடித்துச் சொல்வார்.

வில்லியனூருக்கு மேற்கே எங்கள் ஊர். அந்தக் காலத்தில் ஊரில் வேறு மோட்டார் கிடையாது. பின்னால் கூரை இல்லாத சின்ன லாரி அது. கரும்புக் கட்டோ மணிலாக்கொட்டை மூட்டையோ ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போகும். ஒரு வாரம் அண்ணனுக்கு, ஒரு வாரம் தம்பிக்கு என்று முறை வைத்திருந்தார்கள். வண்டி நிற்பது எங்கள் பக்கத்துக் களத்தில். வண்டிக்கான எண்ணெய்த் தகரம் இருப்பது மூத்தார் பக்கத்து அறையில், ஏனென்றால் பூட்டுப் போட்ட அறை அங்கேதான் இருந்தது. இதற்கே பத்துப் பஞ்சாயத்து நடந்திருக்கும்.

எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவது எங்கள் வீட்டில் ஒரு தனிச் சடங்கு. முதலில் வண்டியை ஊரைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றுவார்கள். சூடானால்தான் எண்ணெய் இளகி முழுசாய் இறங்கும். களத்து ஓரத்தில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள்; அதன்மேல் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கிற திருகைக் கழற்றுவார்கள். கன்னங்கரேலென்று எண்ணெய் மண்தொட்டியில் விழும். உள்ளே எண்ணெயை வடிகட்டுகிற பித்தளைச் சல்லடை ஒன்று உண்டு. அதை எடுத்துக் கிருஷ்ணாயிலில் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து மாட்டுவார்கள். பிறகு திருகை முடுக்கிவிட்டு, மேலே புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும். கழுவுகிற வேலை எனக்கு. அந்த நாற்றம் விரலை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும், சோறு வாயில் வைக்க முடியாது.

சண்டை புதிய எண்ணெய்க்காக வந்ததில்லை. கீழே விழுந்த கருப்பெண்ணெய்க்காகத்தான் வரும். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து மை போடுவது வழக்கம். கருப்பெண்ணெய் கிடைத்தால் அந்தச் செலவு மிச்சம். உத்தரத்திலும் வாசற்காலிலும் பூசினால் கரையான் அண்டாது. மாட்டுக்குச் சொறி வந்தால் தடவலாம். அதனால் தொட்டிக் கருப்பெண்ணெய் யாருக்கு என்பது எங்கள் வீட்டில் பெரிய விவகாரம். அந்த முறை கரும்பு வெட்டு ஆரம்பித்திருந்தது, வண்டி அச்சுக்கு வேண்டும், எனக்கு எடுத்து வை என்று மூத்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டு வயலுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் பார்த்தேன், தலையாட்டியதை.

தலையாட்டிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? எண்ணெயை வடித்ததும் சூடு ஆறுவதற்குள் ஏணி போட்டு ஏறி, எங்கள் பக்கத்து உத்தரம் முழுக்கப் பூசினார். வாசற்காலுக்குப் பூசினார். மிச்சத்தை மாட்டுத் தொழுவத்துக் கம்பங்களுக்குப் பூசினார். வேண்டாம், வம்பு என்று சொன்னேன். கேட்கிற ஆளா? பிறகு பள்ளத்தில் இறங்கி, நான் கழுவிக் கொடுத்த சல்லடையை மாட்டி, திருகை முடுக்கினார். வண்டி காலி வயிற்றோடு நின்றது. இனி மூத்தார் பக்கம் போய்ப் புதிய எண்ணெயை வாங்கி வர வேண்டியதுதான் பாக்கி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை.

அப்போதுதான் மூத்தார் வந்தார். தொட்டியைப் பார்த்தார். அடியில் பிசுக்கு மட்டும் இருந்தது.

"எண்ணெ எங்கடா?"

"உத்தரத்துல."

"எந்த உத்தரத்துல?"

"எங்க வூட்டு உத்தரத்துல. கரையான் வந்தா ஒனுக்கு இன்னா, எனுக்குத்தான நஷ்டம்."

வண்டிக்கு வெளியே நீண்டிருந்த பள்ளத்து முனையில் இடுப்பளவு நின்றுகொண்டு, மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் வினை. சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற இரும்பு நெம்புகோல் பக்கத்திலேயே கிடந்தது. மூத்தார் அதை எடுத்ததை நான் பார்த்தேன், ஓங்கியதைப் பார்த்தேன், அடித்ததைப் பார்த்தேன். பள்ளத்துக்குள் நிற்கிற ஆள் எங்கே ஒதுங்குவார்? இடது புருவத்துக்கு மேலே இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் களத்தில் நின்ற எனக்கே கேட்டது. சத்தம் போடாமல் அப்படியே மடங்கிப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்.

என் கையில் சல்லடை கழுவிய கிருஷ்ணாயில் குவளை இருந்தது. அதை அப்படியே மூத்தார் முகத்தில் விசிறினேன். நெருப்புக்குச்சி இருந்திருந்தால் கொளுத்தியும் இருப்பேன். இதில் பொய் என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற அவர் வயிற்றில் தலையால் முட்டினேன். அவர் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. நெம்புகோலைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்து, தம்பியின் அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கினார். முகம் முழுக்க ரத்தம், கண் எங்கே என்று தெரியவில்லை. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது. மூச்சு இருந்தது, ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆள் பிழைப்பார். மாட்டு வண்டியில் போனால் பிணத்தைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

வண்டியை எடு என்று கத்தினேன். ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் அடித்த ஆள்தான், அவரிடம்தான் கத்த வேண்டியிருந்தது, என் தலையெழுத்து. எண்ணெய் இல்லாமல் கிளப்பினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்றார். தகரத்தை எடுக்கத் தன் பக்கம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே அறை வாசலில் மூத்தாரின் பெண்சாதி, என் ஓரகத்தி, தகரத்தைக் கட்டிக்கொண்டு குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் விளக்கு ஏற்றி முடித்திருந்தாள்.

விளக்கு வைத்தபின் எண்ணெயும் உப்பும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அதிலும் வெள்ளிக்கிழமை கூடவே கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அவளுக்கு அது வெறும் வழக்கம் இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்தபின், அடுத்த வீட்டுக்காரி கேட்டாள் என்று ஒரு கரண்டி எண்ணெய் கொடுத்தாள். அந்த மாதமே அம்மை கண்டு அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போய்விட்டன. அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இப்போது வயிற்றில் நான்கு மாதம்.

"எஞ்சின் எண்ணெதானக்கா, வெளக்கெண்ணெயா?" என்று கேட்டேன்.

"எந்த எண்ணெயா இருந்தா இன்னா. இது என் வூடு, அது ஒன் வூடு. குடுக்கமாட்டேன்."

கெஞ்சினேன். காலில் விழுந்தேன். பிறகு எழுந்து கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி என்று தெரிந்தும் இழுத்தேன், அவளும் என் புருஷன் சாகிறார் என்று தெரிந்தும் விடவில்லை. என் வீட்டில் இருந்தது அரைக்குப்பி நல்லெண்ணெய், அது எஞ்சினுக்குத் தொண்டை நனையக் காணாது. மூத்தார் அவள் கையைப் பிரிக்கப் போனார். "தாண்டிப் போ. என்னையும் வயித்துல இருக்கறதையும் தாண்டித் தூக்கினு போ" என்றாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தவர் அவர்தானே. தம்பி மண்டையை உடைத்த கைக்கு இந்தத் தகரத்தைப் பிடுங்கத் தைரியம் வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் இப்படியே நிற்பார், அங்கே என் தாலி அறுந்துவிடும் என்று மாரில் அடித்துக்கொண்டேன்.

மூத்தார் தாழ்வாரத்தில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார். அவளை அடித்துக் கொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தடுக்கவும் எனக்கு எண்ணமில்லை. அவர் முற்றத்துக்குப் போய்ச் சுவரில் குத்தினார். தானே நின்று மண் குழைத்து எழுப்பிய சுவர். வெறி பிடித்த மாதிரி குத்தினார். கட்டி கட்டியாய்ப் பெயர்ந்து விழுந்தது, புழுதியில் இருமினார், காலால் உதைத்தார், தோளால் மோதினார். நானும் பாய்ந்து கையால் பறித்தேன். நகம் பிய்ந்தது தெரியவில்லை. ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டதும் கடப்பாரையை எறிந்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"செவுரு இல்ல. இப்ப ஒரே வூடு. வூட்டுக்குள்ள எண்ணெ எங்க வேணா போவும். குடு."

அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தகரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். நானும் மூத்தாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தகரத்தைச் சுவர் ஓட்டை வழியாக எங்கள் களத்துக்குத் தூக்கி வந்தோம். தெரு வாசல் வழியாகப் போகவே இல்லை. புனல் தேட நேரமில்லை. அப்படியே கவிழ்த்தோம், பாதி எஞ்சினுக்குள் போனது, பாதி வெளியே வழிந்தது. அவர் முன்னால் போய் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். இரண்டு முறை கைப்பிடி அவரை உதைத்துத் தள்ளியது, அப்புறம் எஞ்சின் கிளம்பியது.

பின்னால் மூட்டைச் சாக்குகளின்மேல் என் வீட்டுக்காரரைக் கிடத்தி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நெம்புகோலையும் எடுத்து வைத்துக்கொண்டேன். வழியில் எங்கே வண்டி மெதுவானாலும் ஓட்டுகிறவர் தலைக்கு மேலே தகரக் கூரையில் ஓங்கி அடிப்பேன். ரெட்டியார்பாளையம் தாண்டுகிறவரை அடித்துக்கொண்டே வந்தேன். வழியில் போகிறவர்கள் எல்லாம் பைத்தியம் என்று ஒதுங்கினார்கள். மூத்தார் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உயிர் பிழைத்தது. இடது கண் போய்விட்டது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் கண்ணையும் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் சுவரை இடிக்க ஆன நேரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மடியில் இருந்தவர் முனகிய ஒவ்வொரு முனகலும் ஞாபகம் வந்தது. மூத்தார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். சாப்பிடவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்த அன்று போலீசுக்காரர் வந்து, யார் அடித்தது என்று கேட்டார். தம்பி ஏதாவது சொல்லி அண்ணனைக் காப்பாற்றிவிடுவார், ரத்த பாசம் என்று கதையை முடித்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கண்ணந்தான். லீவரால அடிச்சான்" என்றார்.

மூத்தார் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, கேட்பதற்கு முன்பே எழுந்து போலீசுக்காரர் பக்கத்தில் போய் நின்றார். என் வயிறு குளிர்ந்தது. யார் என்ன சொன்னாலும் சரி, அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்தது.

அவரை ஜெயிலில் போட்டார்கள். நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள், நான் அடுப்படியில் இருந்தபோது, என் ஓரகத்தி சுவர் ஓட்டைக்குள் வந்து நின்றாள். வயிறு முன்னைவிடத் தெரிந்தது. அவள் பக்கத்து அடுப்பு எரிந்து நாளாயிற்று என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

"எங்க வூட்டு எண்ணெய ஊத்தித்தான ஒன் புருசன் உசுரோட போய்ச் சேந்தான். அதுக்கு நீங்க செஞ்சது இதானா?" என்றாள்.

என் நாக்கு சும்மா இருக்குமா? "ஒங்க வூடு ஏதுக்கா? செவுருதான் இல்லியே. ஒரே வூடு, ஒரே எண்ணெ. அதுல ஒன்னுது இன்னா, என்னுது இன்னா" என்றேன். சுருக்கென்று குத்த வேண்டும் என்றே சொன்னேன். குத்தியது, முகத்தில் தெரிந்தது.

அவள் இடிந்து கிடந்த மண் கட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அடுப்பையே பார்த்தாள்.

"ஒரே வூடுன்னா எனக்குஞ் சேத்து ஒலை வெய்யி."

கொல்லையில் மண் இருந்தது, தண்ணீர் இருந்தது, குழைத்து அந்த ஓட்டையை அப்போதே அடைத்திருக்கலாம். அடைத்தால், அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் வீடு விட்டு வீடு போனது என்று ஆகிவிடும். அவள் வயிற்றிலிருக்கிறது அதோடு போகும் என்று அவள் நினைப்பாள், ஏன், நானும்தான் நினைப்பேன். இன்னும் ஒரு கால்படி அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். வீட்டுக்காரர் இருக்கிற ஒற்றைக் கண்ணால் முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூத்தார் ஜெயிலிலிருந்து வருகிறவரைக்கும் அப்படியே நடந்தது. பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து அந்த மண் கட்டிகளைத் தாண்டி எங்கள் பக்கம் வருகிறவரைக்கும் நடந்தது. ஒருநாள்கூட நான் அவளுக்கு முகம் கொடுத்துப் பரிமாறவில்லை. அவளும் ஒருநாள்கூட வேண்டாமென்று எழுந்து போகவில்லை.