எதிர்க்கடைக்குப் போன காந்தம்

மனைவிக்கு இழுப்பு. விறகுப் புகை கூடாது என்று டாக்டர் சொன்னதால் இன்டக்சன் அடுப்பு வாங்கினேன். அதில் நோன்புக் கஞ்சி காய்ச்சப் பெரிய பானை தேடிக் கல்முனை பஸாருக்குப் போனேன்.

பாத்திரக்கடைக்காரர் ஒல்லியானவர், நரைத்த தாடி. சட்டைப் பையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வைத்திருந்தார். அதன் பாரத்தில் பை தொங்கியது. இன்டக்சன் அடுப்புக்கு என்று சொல்லி, நான் கனமான அலுமினியப் பானையைத் தூக்கினேன். அவர் அதைச் சரித்து, அடியில் காந்தத்தை வைத்தார். வழுக்கி விழுந்தது.

“காந்தம் ஒட்டாத பானை அந்த அடுப்பில சூடாகாது, தம்பி. நோன்பு திறக்கப் பச்சத்தண்ணிதான் கிடைக்கும்.”

தன் பெரிய பானைகள் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒட்டவில்லை. “வாங்க” என்று எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனார்.

எதிர்க்கடைக்காரர் அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சிரித்தார். “என்ன காக்கா, உங்கட கடைய மூடிட்டீங்களா?”

“கதைய விட்டுட்டு அந்தப் பானைய எடுங்க.”

மூன்றாவது பானையில் காந்தம் டக்கென்று ஒட்டியது. காக்கா அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மனைவி இருமாமல் கஞ்சி காய்ச்சினாள்.

நானும் யாவாரிதான்; மரக்கறிக் கடை. வந்த ஆளை எதிர்க்கடைக்கு நான் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.