எழுதிக் குடுங்க சார்

மலையில ஜீப் ஓட்டறவங்களுக்குக் கொண்டை ஊசியில ஸ்டியரிங்கை வளைக்கத் தெரிஞ்சாப் பத்தாதுங்க, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முதுகையும் வளைக்கத் தெரியோணும். எனக்கு ரெண்டாவது வராது. சேலத்துல சட்டம் படிக்கறேன். அப்பாவுக்குக் கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருந்ததால, மூணு மாசம் சனி, ஞாயிறுல எங்க நாகலூர்–ஏற்காடு ஷேர் ஜீப்பை நான்தான் ஓட்டினேன். ஊட்டுல அடுப்பெரியறது அந்த ஜீப்பாலதான். நீங்களும் வண்டிக்காரங்கன்னா இதெல்லாம் பட்டிருப்பீங்க.

சாவி

மொதல் சனிக்கிழமையே ஏத்தத்துல ஒரு ஏட்டு கை காட்டுனாரு. நிறுத்தினேன். மனுசன் ஜன்னல் வழியா கையை உட்டு சாவியை உருவிட்டாரு, ஏதோ அவரு ஊட்டு பீரோ சாவியாட்டம். "ஏனுங்க சார், லைசென்ஸைக் கேளுங்க. சாவியைப் புடுங்கச் சொல்லி எந்தச் சட்டத்துல இருக்குது?"ன்னு ஆத்தரத்துல கீழ குதிச்சுட்டேன்.

எங்க ஜீப்புல ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். வண்டி மெதுவா பின்னால உருளுது. ஏட்டு சாவியும் கையுமா, தொப்பி பறக்க ஓடிப் போயி முதுகைக் குடுத்துத் தாங்கறாரு. உள்ள இருந்து எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போற அக்கா ஒருத்தி கத்துனா: "சாமி, சட்டத்தை அப்பறம் பேசலாம், மொதல்ல சக்கரத்துக்குக் கல்லைப் போடு!"

டவர்

அடுத்த வாரம் அதே ஏட்டு, அதே எடம். சாவி பக்கம் கை போகல, அது வரைக்கும் தேறிட்டாரு. "உங்கப்பன் எங்க? பொட்டப்புள்ள கையில வண்டியைக் குடுத்துட்டுத் தூங்கறானா?"

"எங்கப்பாவை அவன் இவன்னு பேசாதீங்க. வண்டி ஓட்ட லைசென்ஸ்தான் வேணும், அப்பன் வேண்டாம்."

லைசென்ஸைக் காட்டப் போன்ல அரசாங்க ஆப்பைத் திறந்தேன். "ஒரிஜினல் எங்க?"ன்னாரு. இதுவும் ஒரிஜினலுக்குச் சமம்தான்னு விதியை விலாவாரியாச் சொன்னேன். அவரு கொட்டாவி உட்டாரு. சொல்லி முடிச்சுப் போனைப் பார்த்தா வட்டம் சுத்திட்டே இருக்குது. சிக்னல் இல்ல. போனைத் தூக்கிப் புடிச்சுட்டு சில்வர் ஓக் மரம் மரமாப் போயி நின்னேன். ஏட்டுக்குச் சிரிப்புத் தாங்கல: "போய்ட்டு வா. சட்டம் ஏற்காட்டுக்கு வந்துருச்சு கண்ணு, டவர்தான் இன்னும் மலையேறல."

ரசீது

அதுல இருந்து எல்லாக் காகிதத்தையும் கையிலயே வெச்சுக்கிட்டேன். மூணாவது வாரம் எதுத்தாப்ல வந்த டிரைவர் கையைக் கவுத்துக் காட்டுனாரு. மேல செக்கிங்னு அர்த்தம். மலை வழக்கப்படி, பின்படியில தொத்திக்கிட்டு வந்த மூணு பேரு எறங்கிக்கிட்டாங்க. போலீஸைத் தாண்டி நடந்து போயி, அடுத்த வளைவுல மறுபடி ஏறிக்குவாங்க.

ஏட்டு லைசென்ஸைக் கேட்டாரு. குடுத்தேன். பார்த்தாரு, பையில போட்டுக்கிட்டாரு.

"எதுக்குங்க?"

"வாயி நொம்ப நீளம் உனக்கு. திங்கக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்க."

மறுநாள் ஞாயித்துக்கிழமை சந்தை. வாரத்துலயே நல்ல வசூல் அந்த ஒரு நாள்தான். லைசென்ஸ் இல்லாம ஓட்டினா அதுக்கும் இவரேதான் புடிப்பாரு. "வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க சார், சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்க பேரென்ன?" பேர் வில்லையை ஸ்வெட்டர் போட்டு மூடியிருந்தாரு. குளிராமா!

அரை மணி நேரம் நான் அசையல. கடைசியில எஸ்.ஐ. வந்து ரெண்டு பேரையும் விசாரிச்சாரு. "அந்தப் புள்ள சொல்றது சரிய்யா, குடு"ன்னாரு. லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. கெளம்பியிருக்கோணும். ஏட்டு மூஞ்சி சுருங்கறதைச் சித்த நேரம் ரசிக்கலாம்னு நின்னேன் பாருங்க, அங்கதான் கெட்டேன்.

வளைவுல நின்னு நின்னு சலிச்சுப் போன அந்த மூணு பேரும் திரும்பி நடந்து வந்துட்டாங்க. "என்ன கண்ணு, எங்களை ஏத்தாமயே போயிருவியா? எவ்வளவு நேரம் நிக்கறது?" எஸ்.ஐ. சலான் புத்தகத்தை எடுத்தாரு. மூணு பேருல பெரியவரு பதறிட்டாரு: "ஏனுங்க சார், நாங்க உள்ளாறயே ஏறலீங்க, வெளிய தொங்கிட்டுத்தானுங்க வந்தோம்!"

தொண்டை கிழியக் கேட்ட ரசீது, பேரு, தேதி, கையெழுத்தோட முறைப்படி எழுதியே கெடச்சுது, ஓவர்லோடுக்கு.